மார்க் எடுக்க மாட்டார்கள், எழுதுவார்கள்: ஜெர்மனில் பள்ளி மதிப்பெண் பற்றிப் பேசப் பழகுவோம்

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம். மகன் நான்காம் வகுப்பு. ஆசிரியையைப் பார்க்கப் போகும்போது டிராமில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அவன் கணக்கில் இன்னும் உயர்ந்த மதிப்பெண் வாங்க வேண்டும்" என்பதுதான் அது. உயர்ந்த என்பதற்கு அகராதி "ஹ்யோஹெர்" என்றது, மதிப்பெண்ணுக்கு "நோட்டெ" என்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எவ்வளவு உயரம் வேண்டும், ஐந்தா ஆறா?" என்று கேட்டார்.

ஜெர்மனியில் 1 தான் முதல் தரம், 6 படுதோல்வி. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை வாய்க்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மறந்துவிட்டேன். மதிப்பெண் முறையை விளக்கும் அட்டவணை எங்கு தேடினாலும் கிடைக்கும். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில், ஆசிரியர் முன்னால், சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசுவது என்பதுதான் கிடைக்காது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

ஒலிகள் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒலி கொஞ்சம் நழுவத்தான் செய்யும். "நான்" என்பதற்கான சொல்லை இங்கே "இஹ்" என்று எழுதியிருக்கிறேன். "இஷ்" என்பதற்கும் "இஹ்" என்பதற்கும் நடுவில், நாக்கை மேலண்ணத்துக்கு அருகில் வைத்துக் காற்றை விட்டால் அது வரும். "ஃப்யூன்ஃப்" போன்ற சொற்களில் உள்ள "யூ"வுக்கு, ஊ சொல்வதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ சொல்லுங்கள். ஒருமுறை காதால் கேட்டுவிட்டால் மீதி தானே வந்துவிடும்.

முதல் படி: தலைகீழ் ஏணி

ஆறு எண்கள், ஆறு பெயர்கள். 1 ஸேர் கூட், 2 கூட், 3 பெஃப்ரீடிகென்ட், 4 அவுஸ்ரைஹெண்ட், 5 மாங்கெல்ஹாஃப்ட், 6 உன்கெனூகென்ட். பேச்சில் பெரும்பாலும் எண்ணைத்தான் சொல்வார்கள். பெயர்கள் ட்ஸொய்க்னிஸில், அதாவது நம்மூர் ரேங்க் கார்டுக்கு இணையான சான்றிதழில் அச்சாகி வரும்.

இந்த ஆறு படி அளவுகோல் மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் 1964-இல் ஹாம்பர்கில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பொதுவாக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியில் அப்போது 1 முதல் 5 வரைதான். லைப்ஸிக், டிரெஸ்டன் பக்கம் வளர்ந்த வயதானவர்கள் தங்கள் பள்ளிக்காலக் கதை சொல்லும்போது ஐந்தைக் கடைசிப் படியாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். அவர்கள் நோட்டெ என்பதற்குப் பதிலாக "ட்ஸென்ஸூர்" என்ற சொல்லையும் அதிகம் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பெயர்களின் அகராதிப் பொருளை நம்பினால் ஏமாறுவோம். பெஃப்ரீடிகென்ட் என்றால் "திருப்தியளிக்கிறது" என்று பொருள் வரும். வகுப்பறையில் அதன் பொருள் "எதிர்பார்ப்பை மொத்தத்தில் நிறைவு செய்கிறது" என்பதுதான். நடுத்தரம், கவலைப்பட ஒன்றுமில்லை, கேக் வெட்டவும் ஒன்றுமில்லை. 4 என்றால் குறைகள் உண்டு, ஆனால் மொத்தத்தில் தேறும். 5-க்கான விளக்கம் எனக்குப் பிடித்தமானது: எதிர்பார்ப்பை நிறைவு செய்யவில்லை, ஆனால் அடிப்படை இருக்கிறது, குறைகளைக் கண்ணுக்கெட்டிய காலத்துக்குள் சரிசெய்துவிடலாம். ஆக, 5 வாங்கிய பிள்ளையைப் பற்றி அந்த விதியே கொஞ்சம் நம்பிக்கையோடுதான் பேசுகிறது. அடிப்படையே ஓட்டையாக இருந்தால்தான் 6.

இனி என் டிராம் வாக்கியத்துக்கு வருவோம். உயர்ந்த, தாழ்ந்த, கூடிய, குறைந்த என்ற சொற்களை நோட்டெவோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். "பெஸெர்" (மேலான), "ஷ்லெஹ்டெர்" (மோசமான) இந்த இரண்டும் போதும். "ஐனெ பெஸெரெ நோட்டெ" என்று சொன்னால் எண் எந்தத் திசையில் ஓடுகிறது என்று யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு பொறி, சொல்லின் ஒலி. நோட்டெ என்று காதில் விழுந்தவுடன் தமிழ் மூளை பையில் இருக்கும் நோட்டைத் தேடும். எழுதுகிற நோட்டுக்கு இங்கே "ஹெஃப்ட்" என்று பெயர். அதேபோல "மார்க்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், கேட்பவருக்கு 2002-இல் யூரோ நாணயம் வந்ததோடு மறைந்த பழைய பணம்தான் நினைவுக்கு வரும். என் பிள்ளைக்கு எண்பது மார்க் என்றால், கைச்செலவுக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டாலும் கேட்பார்கள்.

இரண்டாம் படி: எண்ணுக்கு முன் ஒரு "ஐனெ"

தமிழில் மதிப்பெண்ணை எண்ணுகிறோம். எண்பது எடுத்தான், நூற்றுக்கு நூறு வாங்கினாள். ஜெர்மனில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு பொருள், அதுவும் பெண்பாற் சொல். "ஐனெ ஐன்ஸ்" (ஒரு ஒன்று), "ஐனெ ட்ஸ்வை" (ஒரு இரண்டு), ட்ரை, ஃபியர், ஃப்யூன்ஃப், ஸெக்ஸ் என்று அப்படியே போகும். கடைசி எண்ணைச் சொல்ல முதல் வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

"இஹ் ஹாபெ ஐனெ ட்ஸ்வை இன் மாட்டெ." எனக்குக் கணக்கில் இரண்டு. இந்த "ஐனெ"யை விட்டுவிட்டு "இஹ் ஹாபெ ட்ஸ்வை" என்றால், என்னிடம் இரண்டு இருக்கிறது என்று ஆகிவிடும். எது இரண்டு, பென்சிலா ஆப்பிளா என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். நம்மவர்கள் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான், ஏனென்றால் தமிழில் அந்த இடத்தில் ஒரு சொல்லே கிடையாது.

பாடத்தின் பெயருக்கு முன் வெறும் "இன்" போதும். இன் டாய்ட்ஷ், இன் ஷ்போர்ட், இன் எங்லிஷ். "இம்" என்று நீட்ட வேண்டாம். பிள்ளைகள் பாடங்களின் பெயரைச் சுருக்கித்தான் சொல்வார்கள்: மாட்டெ கணக்கு, பியோ உயிரியல், கெஷிஹ்டெ வரலாறு, ரெலி மதப்பாடம்.

வீட்டில் காதில் விழுவது இன்னும் சுருக்கமாக இருக்கும். "மாமா, இஹ் ஹாப் னெ ஐன்ஸ்!" என்று பிள்ளை கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தால், அந்த "னெ" என்பது "ஐனெ"யின் மிச்சம்தான். "மாமா" என்பது அம்மா. தாய்மாமன் கதவைப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நான்கு வினைச்சொற்கள்

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். தமிழில் மார்க்கை எடுக்கிறோம், வாங்குகிறோம். ஜெர்மனில் அந்த வேலையை நான்கு வினைச்சொற்கள் பிரித்துக்கொள்கின்றன. எது எப்போது என்று பிடிபட்டால் பாதிப் பேச்சு கைவசம்.

ஒன்று, "ஷ்ரைபன்", அதாவது எழுதுவது. எழுத்துத் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணை "எழுதியதாக"ச் சொல்வார்கள். "ஸீ ஹாட் ஐனெ ட்ஸ்வை கெஷ்ரீபன்": அவள் ஒரு இரண்டை எழுதியிருக்கிறாள். பேப்பரில் அந்த எண்ணை எழுதியது ஆசிரியர்தானே என்று எனக்கு வெகுநாள் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, அந்த இரண்டை உண்டாக்கியது பிள்ளையின் பேனாதானே. பிள்ளையிடம் கேட்க: "வாஸ் ஹாஸ்ட் டூ கெஷ்ரீபன்?", நீ என்ன எழுதியிருக்கிறாய்?

இரண்டு, "பெகொம்மன்", பெறுவது. ஆசிரியர் கொடுக்கும் எந்த மதிப்பெண்ணுக்கும் பொருந்தும். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, ஓவியம், ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும். "ஏர் ஹாட் ஐனெ ட்ரை பெகொம்மன்": அவனுக்கு ஒரு மூன்று கிடைத்திருக்கிறது. எதைச் சொல்வது என்று சந்தேகம் வந்தால் இதையே சொல்லிவிடலாம்.

மூன்று, "ஹாபன்", இருப்பது. ட்ஸொய்க்னிஸில் நிலைத்துவிட்ட மதிப்பெண்ணுக்கு இதுதான் பொருத்தம். "இம் ட்ஸொய்க்னிஸ் ஹாட் ஏர் ஐனெ ட்ரை": சான்றிதழில் அவனுக்கு ஒரு மூன்று.

நான்கு, "ஷ்டேயன்", நிற்பது. பெற்றோருக்கு அதிகம் பயன்படும் சொல் இது, பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லித்தராத சொல்லும் இதுவே. ட்ஸொய்க்னிஸ் இன்னும் வரவில்லை, பருவம் நடந்துகொண்டிருக்கிறது, இப்போதைய நிலவரம் என்ன? "ஏர் ஷ்டேட் அவுஃப் ஐனெர் ஃபியர்": அவன் இப்போது ஒரு நான்கின் மேல் நிற்கிறான். இங்கே "ஐனெ" என்பது "ஐனெர்" ஆகிறது, கவனியுங்கள். நிற்கிறான் என்றால் நகரலாம். ஆசிரியர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது முடிவு இன்னும் எழுதப்படவில்லை. அதற்குள் கேட்பதைக் கேட்டுவிட வேண்டும்.

நகர்வதைச் சொல்ல: "ஃபொன் ஐனெர் ஃபியர் அவுஃப் ஐனெ ட்ரை", நான்கிலிருந்து மூன்றுக்கு. முன்னேறினால் "ஃபெர்பெஸெர்ட்", சறுக்கினால் "அப்கெருட்ஷ்ட்". சறுக்குமரத்தில் வழுக்குவதற்கும் அதே "ருட்ஷன்" என்ற வினைதான்.

நடுவில் இருப்பவை

ஆறு எண்கள் மட்டும் என்றால் வாழ்க்கை எளிது. ஆனால் தேர்வுத்தாளில் "ட்ஸ்வை ப்ளுஸ்", "ட்ரை மீனுஸ்" என்று வரும். ப்ளுஸ் என்றால் அந்த எண்ணின் நல்ல பக்கம். ட்ஸ்வை ப்ளுஸ் ஒன்றுக்கு அருகில், ட்ஸ்வை மீனுஸ் மூன்றுக்கு அருகில். எண் சிறியதானால் நல்லது, ஆனால் கூட்டல் குறியும் நல்லது! இதில் தலைசுற்றாதவர் யாரும் இல்லை. கூட்டல், கழித்தல் இல்லாத சுத்தமான இரண்டுக்கு "ஐனெ க்ளாட்டெ ட்ஸ்வை" என்று பெயர். "ட்ஸ்வை பிஸ் ட்ரை" என்றால் இரண்டும் இல்லை மூன்றும் இல்லை, இடையில்.

சராசரிக்கு "டுர்ஹ்ஷ்னிட்", பேச்சில் வெறும் "ஷ்னிட்". தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 2,3 என்பதை "ட்ஸ்வை கொம்மா ட்ரை" என்று படிக்க வேண்டும். திருத்திய தாளின் கீழே பல ஆசிரியர்கள் "நோட்டன்ஷ்பீகெல்" என்ற சிறு கட்டம் போடுவார்கள். எத்தனை பேருக்கு ஒன்று, எத்தனை பேருக்கு இரண்டு என்ற கணக்கு அது. நேராகச் சொன்னால் மதிப்பெண் கண்ணாடி. அதில் பெயர்கள் இருக்காது. நம்மூர்போல முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று வகுப்பையே வரிசையில் நிறுத்தும் பழக்கமும் இங்கே இல்லை. "என் பிள்ளை எத்தனையாவது?" என்று கேட்டால் ஆசிரியருக்குக் கேள்வியே புரியாது, புரிந்தாலும் பதில் வராது. "வீ வார் டேர் ஷ்னிட்?", வகுப்பின் சராசரி எவ்வளவு, என்று கேளுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தாள் என்று சொன்னேனே, அதற்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். நான் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் முன்கூட்டியே அறிவித்து வைக்கும் பெரிய எழுத்துத் தேர்வு "க்ளாஸன்அர்பைட்". மேல்வகுப்பில் அதுவே "க்ளவுஸூர்". பவேரியாவில் "ஷூல்அவுஃப்காபெ" என்பார்கள். பள்ளிப்பணி என்று மொழிபெயர்த்து வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொண்டால் தேர்வுக்குப் படிக்காமல் போய்விடும் பிள்ளை. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் வரும் சிறு தேர்வுக்கு "எக்ஸ்" என்று பெயர். திருத்திய தாளைப் பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு அனுப்புவது பல பள்ளிகளில் வழக்கம். "உன்டர்ஷ்ரிஃப்ட்" என்ற சொல் கண்ணில் பட்டால் பேனாவை எடுங்கள்.

பேசாத பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை

ஒரு வருடம் இப்படி நடந்தது. தேர்வுத்தாளில் எல்லாம் இரண்டு. அரையாண்டு ட்ஸொய்க்னிஸைப் பிரித்தால் மூன்று. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். தப்பு எங்கும் நடக்கவில்லை. மற்றப் பாதி எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ட்ஸொய்க்னிஸ் மதிப்பெண் "ஷ்ரிஃப்ட்லிஹ்" (எழுத்து), "ம்யூண்ட்லிஹ்" (வாய்மொழி) என்ற இரண்டும் சேர்ந்தது. வாய்மொழி என்றால் தனியாக ஒரு வாய்மொழித் தேர்வு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை கை தூக்குகிறதா, கேள்வி கேட்கிறதா, குழு வேலையில் பேசுகிறதா என்பதெல்லாம் சேர்ந்தது அது. "மிட்அர்பைட்", வகுப்பில் பங்கெடுப்பது. எவ்வளவு எடை என்பது மாநிலத்துக்கும் பாடத்துக்கும் ஏற்ப மாறும். எழுத்துத் தேர்வே வைக்காத பாடங்களில் பெரும்பங்கு இதற்குத்தான்.

வாயை மூடிக்கொண்டு ஆசிரியர் சொல்வதைக் கேட்பவன் நல்ல பிள்ளை என்று வளர்ந்தவர்கள் நாம். அதையே வீட்டிலும் சொல்லி அனுப்பினோம். இங்கே ஆசிரியர் "ஸீ இஸ்ட் ஸேர் ரூயிஹ்" (அவள் ரொம்ப அமைதி) என்று சொன்னால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிறோம். அது பாராட்டு இல்லை. பெரும்பாலும் அது ஒரு மூன்றுக்கான முன்னறிவிப்பு.

கை தூக்குவதற்கு "ஸிஹ் மெல்டன்" என்று பெயர். "ஏர் மெல்டெட் ஸிஹ் ட்ஸு வேனிஹ்" என்றால் கை தூக்குவது போதவில்லை. மொழி இன்னும் வராத புதுப்பிள்ளைக்கு இது கடினம்தான். எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்துக்கொண்டோம்: ஒரு பாடவேளைக்கு இரண்டு தடவை கை தூக்க வேண்டும், பதில் சரியா தவறா என்பது இரண்டாம் பட்சம். முதல் பத்து நிமிடத்திலேயே ஒன்றை முடித்துவிடு, அப்புறம் பயம் போய்விடும் என்று அவனுக்குச் சொன்னோம். அதிகம் கை தூக்கினால் "ஷ்ட்ரேபெர்" என்று சக மாணவர்கள் கிண்டல் செய்வதும் உண்டு. நம்மூர் "படிப்ஸ்" தான். அதற்கெல்லாம் பயப்பட்டால் ஆகாது.

எல்டெர்ன்ஷ்ப்ரெஹ்டாக்: பத்து நிமிடம்தான்

பெற்றோர் ஆசிரியரைத் தனியாகச் சந்திக்கும் நாள் இது. ஒரு ஆசிரியருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் நல்லது. அதற்குள் குசலம் விசாரித்து, மன்னிப்புக் கேட்டு, ஊர்க்கதை சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார். "டீச்சர்", "மேடம்" எல்லாம் வேண்டாம். "ஃப்ராவ்" அல்லது "ஹெர்" என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டும். "டூ" (நீ) அல்ல, "ஸீ" (நீங்கள்). "அவள்" என்பதற்கும் அதே ஒலிதான். இந்தக் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள், தாளைப் பார்த்துப் படிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

"வீ ஷ்டேட் மைனெ டொஹ்டெர் இன் மாட்டெ?" என் மகள் கணக்கில் எப்படி நிற்கிறாள்? மகன் என்றால் "மைன் ஸோன்".

"வீ ஸெட்ஸ்ட் ஸிஹ் டீ நோட்டெ ட்ஸுஸாமன்?" மதிப்பெண் எதெல்லாம் சேர்ந்து உருவாகிறது? என் அனுபவத்தில் எல்லாக் கேள்விகளிலும் பலன் அதிகம் தந்தது இதுதான். ஆசிரியர் கணக்கை விரித்துக் காட்டத் தொடங்கிவிடுவார்.

"வீ ஃபீல் ட்ஸேல்ட் டாஸ் ம்யூண்ட்லிஹெ?" வாய்மொழிக்கு எவ்வளவு எடை?

"வாஸ் கான் ஸீ டூன், உம் ஸிஹ் ட்ஸு ஃபெர்பெஸெர்ன்?" முன்னேற அவள் என்ன செய்யலாம்? மகனுக்கு "ஸீ" இருக்கும் இடத்தில் "ஏர்".

"க்யொன்னன் ஸீ டாஸ் பிட்டெ நோஹ் ஐன்மால் லாங்ஸாம் ஸாகன்?" தயவுசெய்து அதை இன்னொரு முறை மெதுவாகச் சொல்ல முடியுமா? வெட்கப்படாமல் கேளுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேட்பது சுலபம், பதிலைப் பிடிப்பதுதான் கடினம். ஆசிரியர்கள் நேரடியாகத் திட்ட மாட்டார்கள். "டா இஸ்ட் நோஹ் லுஃப்ட் நாஹ் ஓபன்" என்பார்கள், மேலே இன்னும் காற்று இருக்கிறது என்று. பிள்ளை இன்னும் நன்றாகச் செய்ய முடியும், செய்யவில்லை என்று பொருள். "ஏர் பெம்யூட் ஸிஹ்", அவன் முயற்சி செய்கிறான். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வேறொன்றும் சொல்லவில்லை என்றால் முயற்சி மட்டும்தான் நடக்கிறது, பலன் இல்லை. "டாஸ் விர்ட் எங்", இடம் நெருக்கமாகிறது. இதைக் கேட்டால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதீர்கள், அடுத்தவர் கதவைத் தட்டினாலும் சரி. வருட இறுதியில் தேறுவது சந்தேகம் என்கிறார்.

மற்றப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டார், உங்களைப் பற்றிய அபிப்பிராயமும் மாறிவிடும்.

கெட்ட செய்தி வரும் விதம்

பிள்ளைகளின் பாஷையில் தேர்வைச் சொதப்பிவிட்டேன் என்பது "இஹ் ஹாப் டீ அர்பைட் ஃபெர்ஹாவன்". அதைவிடக் கொச்சையாக "ஃபெர்காக்ட்" என்ற சொல்லையும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் முன் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளி அனுப்பும் கடிதத்தில் "ஃபெர்ஸெட்ஸுங் கெஃபேர்டெட்" என்று இருந்தால், அடுத்த வகுப்புக்குப் போவது ஆபத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு மக்கள் வைத்த பெயர் "ப்ளவுவெர் ப்ரீஃப்", நீலக்கடிதம். இப்போது வருவது வெள்ளைத் தாளில்தான். அதே வகுப்பில் மீண்டும் உட்கார்வது "ஸிட்ஸன் ப்ளைபன்", உட்கார்ந்தபடியே இருந்துவிடுவது. நாம் ஃபெயில் என்று ஒரே சொல்லில் முடிப்பதை இவர்கள் நாற்காலியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். கேலியாக "ஏஹ்ரன்ருண்டெ" என்றும் சொல்வது உண்டு, வெற்றி பெற்றவர் மைதானத்தைச் சுற்றும் மரியாதைச் சுற்று! நீலக்கடிதம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. "நாஹ்ஹில்ஃபெ", அதாவது டியூஷன், இங்கேயும் தாராளமாகக் கிடைக்கிறது.

மேல்வகுப்பில் எண்ணிக்கை திரும்பி வருகிறது

கிம்னாஸியும் என்ற, பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஆறு படி ஏணி மறைந்து 0 முதல் 15 வரை புள்ளிகள் வரும். "புங்க்டெ" என்று பெயர். இங்கே பெரியதுதான் நல்லது, நமக்குப் பழகிய திசை. இங்கே "ஐனெ" கிடையாது: "இஹ் ஹாபெ ட்ஸ்வ்யோல்ஃப் புங்க்டெ இன் எங்லிஷ்", எனக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு புள்ளி. 15, 14, 13 மூன்றும் ஒன்றின் கூட்டல், சாதா, கழித்தல். 12, 11, 10 இரண்டு. இப்படி மும்மூன்றாக இறங்கினால் 0 மட்டும் ஆறு. ஐந்து புள்ளிதான் இங்கே கோடு. கீழ்வகுப்பில் நான்கு கழித்தல் தேறிவிடும், மேல்வகுப்பில் அதே நான்கு கழித்தல் 4 புள்ளி, கோட்டுக்குக் கீழே.

இறுதியில் எல்லாம் சேர்ந்து அபிட்டூர், அதாவது பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழில் மொத்தம் 900 புள்ளி. தேற 300 வேண்டும். 823-ஐத் தொட்டாலே 1,0, "ஐன்ஸ் கொம்மா நுல்". மருத்துவம் படிக்க ஆசைப்படும் வீடுகளில் இந்த ஒரு எண்ணைத்தான் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எல்லை தாண்டினால்

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனால் சுவிஸிலிருந்தும் சொந்தங்கள் வந்திருக்கும். அங்கே ஒரு சுவிஸ் பெரியப்பா, பேத்தி கணக்கில் ஆறு எழுதியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னால், ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். சுவிட்சர்லாந்தில் 6 தான் உச்சம், 4 தேர்ச்சி, அதற்குக் கீழ் எல்லாம் தேறாதவை. அரை மதிப்பெண்ணும் சாதாரணம். ஜெர்மனியில் 6-க்கு மட்டும் உள்ள "உன்கெனூகென்ட்" என்ற பெயர் அங்கே நாலுக்குக் கீழான எல்லாவற்றுக்கும் பொது. ஐன்ஸ்டைன் 1896-இல் ஆராவ் பள்ளியில் வாங்கிய சான்றிதழில் இயற்கணிதம், வடிவியல், இயற்பியல் எல்லாவற்றிலும் 6. அதை ஜெர்மன் கண்ணோடு படித்தால் அவர் கணக்கில் ஃபெயில் என்றுதான் தோன்றும். பிரெஞ்சில்தான் 3, அங்கே அது தேறாத மதிப்பெண்.

ஆஸ்திரியாவில் 1 முதல் 5 வரை. அங்கே 4-க்குப் பெயர் கெனூகென்ட், 5-க்கு நிஹ்ட் கெனூகென்ட். பேச்சில் எண்களுக்கு ஆண்பால்: "ஐன் ஐன்ஸெர்", "ஐன் ஃப்யூன்ஃபெர்". பவேரியாவிலும் இதைக் கேட்கலாம். ஆஸ்திரியர்கள் "ஷூல்அர்பைட்" என்றால் அறிவித்து வைக்கும் பெரிய தேர்வு. ஜெர்மனியில் அதன் பன்மையைச் சொன்னால் வீட்டுப்பாடம்.

கல்லூரிக்கு வருபவர்களுக்கு

பள்ளிப்பிள்ளை இல்லாமல் மேற்படிப்புக்கு வந்தவர்களுக்குச் சுருக்கமாக. பல்கலைக்கழகத்தில் 1,0 முதல் 4,0 வரை தேர்ச்சி, 5,0 தோல்வி, நடுவில் 1,3, 1,7 என்று படிகள். ஆறு கிடையாது. சட்டம் படிப்பவர்கள் மட்டும் 18 புள்ளி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒன்பது வாங்கினாலே வீட்டில் விருந்து.

நம்மூர் சிஜிபிஏவை மாற்றப் பல பல்கலைக்கழகங்கள் பவேரிய வாய்பாடு என்பதை எடுத்துக்கொள்கின்றன. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பைக் கழித்து வருவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, உங்களுக்கு 8 என்றால்: 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0,4, மூன்றால் பெருக்கினால் 1,2, ஒன்றைக் கூட்டினால் 2,2. வேலை நேர்காணலில் "வீ வார் ஈர் ஷ்னிட்?", உங்கள் சராசரி எவ்வளவு, என்று கேட்டால், எட்டு சிஜிபிஏ என்று தொடங்கி விளக்க வேண்டாம். "உம்கெரெஹ்னெட் ட்ஸ்வை கொம்மா ட்ஸ்வை", மாற்றிக் கணக்கிட்டால் இரண்டு காற்புள்ளி இரண்டு, என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.